புழங்குபொருள் புராணம் – 17: லிஸ்ஸி வரைந்த கட்டம்

சென்ற இதழில், நம் பரமபதப் படம் கப்பலேறிச் சீமைக்குப் போய், அரக்கர் பெயர்களையும் அறங்களையும் அங்கே உதிர்த்துவிட்டு, வெறும் பாம்பும் ஏணியுமாகத் திரும்பி வந்த கதையைப் பார்த்தோம். இந்த இதழிலும் ஒரு கட்ட ஆட்டம்தான். இது பிறந்த இடம் அமெரிக்கா. இதற்கும் ஒரு அறம் இருந்தது. அதுவும் வழியில் உதிர்ந்துபோனது. உதிர்ந்த விதம்தான் விசித்திரம்.

கோடை விடுமுறை விட்டால் தமிழ்நாட்டின் நடுத்தர வீடுகளில் ‘டிரேடு’ அட்டையை விரிக்கும் காலம் ஒன்று இருந்தது. சில வீடுகளில் அதற்குப் பெயர் ‘பிசினஸ்’. பம்பாய், கல்கத்தா, டெல்லி, மெட்ராஸ் என்று ஊர்களெல்லாம் கட்டங்களாக வரிசைகட்டி நிற்கும். பகடையை உருட்டிக் காயை நகர்த்தி, நின்ற ஊரைக் காசு கொடுத்து வாங்கிப்போட வேண்டும். பிறகு அங்கே வந்து மாட்டுகிறவர்களிடம் வாடகை வசூலிக்க வேண்டும். ஒரு மூலையில் ஜெயில், ஒரு மூலையில் கிளப், இன்னொன்றில் ரெஸ்ட் ஹவுஸ். பேங்கராக யார் உட்காருவது என்பதில் தொடங்கும் சண்டை, கடன் சொன்னவன் அட்டையைத் தட்டிவிட்டு எழுந்து போவதில் முடியும்.

அந்த அட்டைக்கு மூலம் ‘மோனோபோலி’. இந்திய ஊர்களையும் ரூபாயையும் போட்டு நம் கம்பெனிகள் அச்சடித்துக்கொண்ட உருவம்தான் டிரேடு. மூல ஆட்டத்தோடு கூடவே ஒரு கதையும் பல பத்தாண்டுகள் விற்பனையானது. 1930களின் பெருமந்தக் காலம். பிலடெல்பியா நகரின் ஜெர்மன்டவுன் பகுதியில் சார்லஸ் டாரோ என்பவர் வேலையிழந்து உட்கார்ந்திருக்கிறார். அதற்கு முன் ஹீட்டர் விற்றுக்கொண்டிருந்தவர். கையில் காசில்லை, பொழுதும் போகவில்லை. சமையலறை மேஜையில் ஒரு ஆயில் கிளாத்தை விரித்து, நல்ல காலத்தில் குடும்பத்தோடு போய்வந்த அட்லாண்டிக் சிட்டியின் தெருப்பெயர்களைக் கட்டங்களாக எழுதி, புதிதாக ஒரு விளையாட்டைச் செய்கிறார். பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் அதை வாங்குகிறது. டாரோ கோடீஸ்வரர் ஆகிறார்.

கதை நன்றாகவே இருக்கிறது. அதில் வறுமை உண்டு, மூளை உண்டு, கடைசியில் பணமும் உண்டு. விட்டுப்போனது ஒரு பெண்ணும் முப்பது ஆண்டுகளும்தான்.

சுருக்கெழுத்தரின் கோபம்

எலிசபெத் மேகி 1866இல் இல்லினாய் மாநிலத்தின் மக்கோம் ஊரில் பிறந்தார். எல்லோருக்கும் லிஸ்ஸி. அப்பா ஜேம்ஸ் மேகி பத்திரிகை நடத்தியவர், அடிமைமுறைக்கு எதிராகப் பேசியவர். 1858இல் ஆபிரகாம் லிங்கன் ஊர் ஊராகப் போய் ஸ்டீபன் டக்ளஸுடன் வாதம் செய்தபோது கூடவே சென்றவர்களில் ஒருவர். மகளுக்கு அவர் விட்டுச்சென்ற சொத்துகளில் முக்கியமானது ஒரு புத்தகம். ஹென்றி ஜார்ஜ் 1879இல் வெளியிட்ட ‘முன்னேற்றமும் வறுமையும்’.

ஜார்ஜின் வாதம் எளிமையானது. உழைத்துச் சம்பாதிப்பது உழைத்தவனுக்கே சொந்தம். அதற்கு வரி போடாதே. நிலத்தின் மதிப்பு உழைப்பால் வருவதில்லை. ஊருக்கு வெளியே தரிசாகக் கிடக்கும் ஒரு கொல்லையின் பக்கமாகப் புறவழிச்சாலை வந்தால், மறுநாளே அதன் விலை பத்து மடங்கு ஏறும். கொல்லைக்காரர் ஒரு கல்லைக்கூடப் புரட்டிப் போட்டிருக்க மாட்டார். சாலை போட்டது ஊர்ப்பணம், லாபம் அவருக்கு. இப்படி ஊரால் ஏறுகிற மதிப்பை ஊருக்கே வரியாக வாங்கு, மற்ற வரிகளையெல்லாம் எடுத்துவிடு என்றார் ஜார்ஜ். ‘ஒற்றை வரி’ என்று பெயர்பெற்ற இந்தக் கொள்கைக்கு அந்த நாளில் ஏராளமான பக்தர்கள். லிஸ்ஸி அவர்களில் ஒருவர்.

அவர் வாஷிங்டனில் சுருக்கெழுத்தராக வேலை பார்த்தார். உரியவரிடம் சேர்க்க முடியாத கடிதங்களெல்லாம் வந்து குவிகிற தபால்துறை அலுவலகம் அது. பகலில் அந்த வேலை. மீதி நேரத்தில் கவிதை, சிறுகதை, மேடையில் நகைச்சுவை நடிப்பு. தட்டச்சு இயந்திரத்தின் உருளைகளுக்குள் காகிதம் சுலபமாக நுழைய ஒரு கருவியைச் செய்து 1893இல் காப்புரிமையும் வாங்கினார். அதுவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்தச் சம்பாத்தியத்தில் வீடும் சில ஏக்கர் நிலமும் வாங்கியிருந்தார். நிலக்கிழமையை எதிர்த்தவருக்கு நிலம் இருந்தது என்பதைப் பார்த்துச் சிரிக்கலாம். நிலத்தின் விலை தானாக ஏறுவதை அருகிலிருந்து பார்த்தவர் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

மாலை நேரங்களில் ஒற்றை வரியைப் பற்றி வகுப்பெடுத்துப் பார்த்தார். கூட்டம் சேரவில்லை. வாயால் சொல்லிப் புரியாததை விளையாட்டால் புரியவைக்கலாம் என்று தோன்றியது. 1903 மார்ச் 23இல் விண்ணப்பித்து, 1904 ஜனவரி 5இல் 7,48,626 என்ற எண்ணில் காப்புரிமை பெற்றார். விளையாட்டின் பெயர் ‘தி லேண்ட்லார்ட்ஸ் கேம்’. நம் வழக்கில் சொன்னால், நிலச்சுவான்தார் ஆட்டம்.

1904இன் பலகை

காப்புரிமைத் தாளில் இருக்கும் அந்தப் படத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சதுரப் பலகை. நான்கு மூலைகள். ஒவ்வொரு பக்கத்திலும் மூலைகளுக்கு இடையே ஒன்பது கட்டங்கள், அவற்றின் நட்டநடுவில் ஒரு ரயில் கம்பெனி. மோனோபோலி ஆடியவர்கள் யாராக இருந்தாலும் ஒரே பார்வையில் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

அதற்கு முந்தைய பலகை ஆட்டங்களில் பெரும்பாலும் ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் இருக்கும். நம் பரமபதமும் அப்படித்தான். மேலே போய்ச் சேர்ந்தால் ஆட்டம் முடிந்தது. லிஸ்ஸியின் பலகையில் போய்ச்சேர இடமே கிடையாது. சுற்றிச் சுற்றி வர வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ‘பூமித்தாய்’ என்ற மூலையைக் கடக்கும்போது, உழைப்புக்குக் கூலியாக நூறு டாலர் கிடைக்கும். பிற்காலத்து மோனோபோலியில் ‘கோ’ கட்டத்தைத் தாண்டினால் இருநூறு டாலர் தருகிறார்களே, அதன் மூதாதை இது. அங்கே ஏன் பணம் தருகிறார்கள் என்று இன்று ஆடுகிறவர்களைக் கேட்டால் தெரியாது. 1904இல் அதற்குக் காரணம் இருந்தது: நிலத்தில் உழைத்தவனுக்குக் கூலி.

மற்ற மூலைகளில் ஒன்றில் ‘அத்துமீறி நுழையாதே, ஜெயிலுக்குப் போ’ என்ற எச்சரிக்கை. அந்த இடத்தின் சொந்தக்காரர் லண்டனில் குடியிருக்கும் ‘புளூபிளட் பிரபு’. அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு பிரபுவின் நிலத்தில் கால்வைத்த குற்றத்துக்கு அமெரிக்கக்காரன் ஜெயிலுக்குப் போகிறான். லிஸ்ஸியின் கிண்டல் இது. இன்னொரு மூலையில் பொதுப் பூங்கா. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் உட்காரலாம். அதை ஒட்டியே ஏழைகள் விடுதி. கையில் ஒன்றுமில்லாமல் போனவன் அங்கே ஒதுங்க வேண்டும். ரொட்டி, நிலக்கரி, உடை, குடியிருப்பு ஆகியவை அத்தியாவசியக் கட்டங்கள். அவற்றில் நின்றால் பணம் கட்டியே ஆக வேண்டும்.

பிற்பாடு பூமித்தாய் ‘கோ’ ஆனாள். பொதுப் பூங்கா ‘ஃப்ரீ பார்க்கிங்’ ஆனது. புளூபிளட் பிரபு காணாமல் போய், விசில் ஊதும் போலீஸ்காரர் மட்டும் மிஞ்சினார். ஏழைகள் விடுதியை மொத்தமாகவே இடித்துவிட்டார்கள்.

ஆட்டத்துக்கு லிஸ்ஸி இரண்டு விதமான விதிகளை வகுத்தார். முதலாவது, வாங்கிக் குவித்து அடுத்தவரைத் திவாலாக்கும் விதி. இரண்டாவதில், நில வாடகை பொதுக் கருவூலத்துக்குப் போகும். கருவூலம் நிரம்ப நிரம்ப, விளக்குக் கம்பெனி முதலான சேவைகள் ஒவ்வொன்றாக ஊர்ப்பொதுவாகும். எல்லோரையும்விடக் குறைவாக வைத்திருப்பவரின் பணம் இரட்டிப்பானால் எல்லோருக்கும் வெற்றி என்றும் ஒரு வடிவம் உண்டு. முதலில் ஒரு தடவை அந்த விதியில் ஆடி வயிற்றெரிச்சல் படு, பிறகு இந்த விதியில் ஆடி நிம்மதியடை என்பது அவர் போட்ட கணக்கு. சிறுவயதில் அநியாயத்தை ஆட்டத்தில் பார்த்துவிட்ட பிள்ளை, வளர்ந்தபின் நிஜத்தில் அதைப் பொறுத்துக்கொள்ளாது என்று நம்பினார்.

வயிற்றெரிச்சல்தான் ஆட்டத்தின் ருசி என்பதை அவர் எதிர்பார்க்கவில்லை. முதல் விதி தழைத்தது. இரண்டாவதைச் சீண்ட ஆளில்லை.

‘விற்பனைக்கு ஓர் இளம்பெண்’

1906இல் நியூயார்க்கில் ஒற்றை வரிக்காரர்கள் சிலருடன் சேர்ந்து ‘எகனாமிக் கேம் கம்பெனி’ மூலம் லிஸ்ஸி ஆட்டத்தை வெளியிட்டார். அதே ஆண்டு சிகாகோவில் வசித்தபோது பத்திரிகையில் ஒரு விளம்பரம் கொடுத்தார். ‘இளம்பெண் அமெரிக்க அடிமை’ ஒருத்தி ஏலத்துக்கு வந்திருக்கிறாள், அதிக விலை கேட்பவருக்குத் தரப்படும் என்றது விளம்பரம். அந்த அடிமை அவரேதான். சுருக்கெழுத்து வேலையில் வாரத்துக்குக் கிடைத்த பத்து டாலரில் காலம் தள்ள முடியவில்லை. உழைக்கும் பெண்ணின் நிலைமை இதுதான், கல்யாணச் சந்தையில் விலைபோவதைத் தவிர அவளுக்கு வழி வைக்கவில்லை என்று காட்டுவதற்காகச் செய்த காரியம். ஊர் சிரித்தது, ஊர் திட்டியது, நாடு முழுவதும் செய்தியானது. பத்திரிகைக்காரர்கள் தேடி வந்தபோது, பெண்கள் இயந்திரங்கள் இல்லை, அவர்களுக்கும் மூளையும் ஆசையும் உண்டு என்று லிஸ்ஸி விளக்கினார். 1910இல், 44 வயதில், ஆல்பர்ட் பிலிப்ஸ் என்பவரை மணந்தார்.

கைமாறிக் கைமாறி

கடையில் பெரிதாக விற்காத ஆட்டம் கையால் பரவியது. டெலவேர் மாநிலத்தில் ஆர்டன் என்று ஒரு கிராமம். ஒற்றை வரிக் கொள்கையை நடைமுறையில் செய்துகாட்டுவதற்காகவே 1900இல் உண்டாக்கப்பட்ட ஊர். நாவலாசிரியர் அப்டன் சின்க்ளேர் சிலகாலம் குடியிருந்த இடம். அங்கே லிஸ்ஸியின் ஆட்டம் ஊர்ப்பொதுவானது. அதே ஊரில் வாழ்ந்த ஸ்காட் நியரிங், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளியில் பொருளாதாரம் கற்பித்தவர். மாணவர்களுக்கு ஆட்டத்தையும் கற்பித்தார். மாணவர்கள் அதைத் தங்கள் ஊர்களுக்கும் வேறு கல்லூரிகளுக்கும் கொண்டுபோனார்கள்.

யாரும் கடையில் வாங்கவில்லை. ஆடிய வீட்டில் பார்த்து, தாமே மரப்பலகையிலோ ஆயில் கிளாத்திலோ வரைந்துகொண்டார்கள். வரைந்த ஒவ்வொருவரும் தம் ஊர்த் தெருக்களைப் போட்டுக்கொண்டார்கள். விதிகளை வாயால் சொல்லிக்கொடுத்தார்கள். லிஸ்ஸியின் பெயரும் ஒற்றை வரியும் நாளடைவில் தேய்ந்துபோயின. எல்லோரும் அதை ‘மோனோபோலி ஆட்டம்’ என்றே அழைத்தார்கள். டான் லேமன் என்ற இளைஞர் கல்லூரியில் கற்ற ஆட்டத்தை ‘ஃபினான்ஸ்’ என்ற பெயரில் 1932இல் அச்சடித்து விற்கவும் செய்தார்.

இண்டியானாவில் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்ட ரூத் ஹாஸ்கின்ஸ் என்ற ஆசிரியை, அட்லாண்டிக் சிட்டியில் குவேக்கர் கிறிஸ்தவர்கள் நடத்திய பள்ளிக்கு வேலைக்குப் போனார். அங்கே நண்பர்கள் கூடி உட்கார்ந்து, தங்கள் கடற்கரை நகரத்துத் தெருக்களைக் கட்டங்களாக எழுதினார்கள். போர்டுவாக், பார்க் பிளேஸ், பால்டிக் அவென்யூ எல்லாம் பலகையேறியது அப்போதுதான். அதுவரை மனைகளை ஏலத்தில்தான் எடுப்பார்கள். அமைதியைப் போற்றும் குவேக்கர்களுக்கு ஏலக் கூச்சல் ஒத்துவரவில்லை. ஆகவே ஒவ்வொரு கட்டத்துக்கும் நிலையான விலை எழுதப்பட்டது. குழந்தைகளுக்கும் ஆட்டம் எளிதானது. இன்று உலகம் ஆடும் வடிவத்தின் உயிர்நாடியான மாற்றம் இது. செய்தவர்களுக்கு ஒரு காசும் கிடைத்ததில்லை. அவர்கள் கேட்கவும் இல்லை.

ஓர் எழுத்துப்பிழை

அட்லாண்டிக் சிட்டியிலிருந்து ஆட்டம் பிலடெல்பியாவுக்கு வந்தது. சார்லஸ் டாட் என்பவர் நண்பர்களிடம் கற்றுக்கொண்டு தாமே ஒரு பலகை வரைந்தார். எழுதும்போது ஒரு பெயர் தவறிப்போனது. மார்கேட், வென்ட்னர் என்ற இரு ஊர்களின் எல்லையில் இருந்ததால் ‘மார்வென் கார்டன்ஸ்’ என்று பெயர் வைத்த குடியிருப்பு அது. டாட் அதை ‘மார்வின்’ என்று எழுதிவிட்டார்.

1932 வாக்கில் அவர் தம் பள்ளித் தோழி எஸ்தரைத் தற்செயலாகச் சந்தித்தார். எஸ்தரின் கணவர்தான் சார்லஸ் டாரோ. இரண்டு ஜோடிகளும் சேர்ந்து சாப்பிட்டார்கள், பலகையை விரித்து ஆடினார்கள். டாரோவுக்கு ஆட்டம் மிகவும் பிடித்துவிட்டது. விதிகளை எழுதித் தரும்படி கேட்டார். அதுவரை யாரும் எழுதிக் கேட்டதில்லை. டாட் தட்டச்சு செய்து கொடுத்தார். கொஞ்ச நாளில் டாரோ தம்பதி விலகிப்போனார்கள். டாரோவே கண்டுபிடித்த விளையாட்டு என்று பிற்பாடு விளம்பரம் பார்த்தபோதுதான் டாட்டுக்கு விஷயம் விளங்கியது.

டாரோ செய்ததும் சும்மா இல்லை. ஃபிராங்க்ளின் அலெக்ஸாண்டர் என்ற கேலிச்சித்திரக்காரரைக் கொண்டு படங்கள் போடவைத்தார். பலகைக்கு ஒரு கண்கவர் தோற்றம் வந்தது. பிலடெல்பியாவின் வானமேக்கர் பல்பொருள் அங்காடியில் விற்றுக்காட்டினார். முதலில் மறுத்த பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம், விற்பனையைப் பார்த்துவிட்டு 1935 மார்ச்சில் உரிமையை வாங்கியது. முதல் ஆண்டில் 2,78,000 பெட்டிகள் போயின. அடுத்த ஆண்டு பதினேழு லட்சத்துக்கும் மேல். மூழ்கிக்கொண்டிருந்த கம்பெனி கரையேறியது. ‘மார்வின் கார்டன்ஸ்’ என்ற பிழையும் எல்லாப் பெட்டிகளிலும் அப்படியே அச்சானது. பரீட்சையில் பக்கத்துப் பையனின் விடையோடு அவன் செய்த பிழையையும் சேர்த்து எழுதியவன் மாட்டிக்கொள்வது போல, டாரோ காப்பியடித்ததற்கு அந்த ஓர் எழுத்து காலத்துக்கும் சாட்சியாக நின்றது. அந்தக் குடியிருப்புவாசிகளிடம் கம்பெனி வருத்தம் தெரிவித்தது 1995இல்.

ஐந்நூறு டாலர்

ஆட்டத்தின் பிறப்பு பற்றிக் கம்பெனி கேட்டபோது, வேலையில்லாத நாட்களில் பொழுதுபோக்காகத் தாமே செய்தது என்று டாரோ எழுதிக்கொடுத்தார். ஆனால் முந்தைய ஆட்டங்கள் இருப்பது கம்பெனிக்குச் சீக்கிரமே தெரியவந்தது. ஒவ்வொன்றாக விலைகொடுத்து வாங்கத் தொடங்கியது. ‘ஃபினான்ஸ்’ ஆட்டத்துக்குப் பத்தாயிரம் டாலர் கொடுத்தது. லிஸ்ஸியின் முதல் காப்புரிமை காலாவதியாகிவிட்டாலும், திருத்திய வடிவத்துக்கு 1924இல் அவர் வாங்கிய இரண்டாவது காப்புரிமை உயிரோடு இருந்தது.

1935 நவம்பரில் கம்பெனியின் நிறுவனர் ஜார்ஜ் பார்க்கரே வர்ஜீனியாவில் லிஸ்ஸியின் வீட்டுக்குப் போனார். இருவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். காப்புரிமைக்கு ஐந்நூறு டாலர் விலை பேசப்பட்டது. ராயல்டி கிடையாது. லிஸ்ஸியின் வேறு இரண்டு ஆட்டங்களையும் வெளியிடுவதாக வாக்கு. லிஸ்ஸி சந்தோஷமாகவே கையெழுத்துப் போட்டார். ஒற்றை வரி இனி வீட்டுக்கு வீடு போய்ச்சேரும் என்று நம்பினார். தம் ஆட்டத்தையே விளித்து, பெற்ற பிள்ளையை வழியனுப்புவது போல ஒரு பிரிவுரையும் எழுதி பார்க்கருக்கு அனுப்பினார்.

அந்த ஆண்டின் கடைசி நாளான டிசம்பர் 31இல் மோனோபோலிக்கான காப்புரிமை டாரோ பெயரில் வந்தது. நடந்தது என்னவென்று புரிந்த லிஸ்ஸி, 1936 ஜனவரியில் வாஷிங்டன் பத்திரிகைகளை அழைத்தார். ‘ஈவ்னிங் ஸ்டார்’ வெளியிட்ட படத்தில், நரைத்த தலையோடு, தம் பழைய பலகைகளைக் கேமராவுக்கு நேராகப் பிடித்திருக்கிறார். அவற்றில் ஒன்றில் ‘மோனோபோலி’ என்ற சொல் நான்கு இடங்களில் இருக்கிறது. வக்கீல், அச்சு, காப்புரிமைக் கட்டணம் எல்லாம் கூட்டினால் இந்த ஆட்டத்தால் தனக்கு வந்ததைவிடப் போனதே அதிகம் என்றார். செய்தி ஓரிரு நாள் ஓடி ஓய்ந்தது. கம்பெனி 1939இல் ‘லேண்ட்லார்ட்ஸ் கேம்’ பெட்டிகளைப் பேருக்கு வெளியிட்டது, விற்கவில்லை. 1940 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் லிஸ்ஸியின் தொழில் ‘விளையாட்டுகள் செய்பவர்’ என்றும், வருமானம் ‘0’ என்றும் பதிவாகியிருக்கிறது. 1948இல் இறந்தார். டாரோ 1967 வரை வாழ்ந்தார். அட்லாண்டிக் சிட்டி அவருக்கு 1970இல் நினைவுப் பட்டயம் பதித்தது.

உலகம் சுற்றிய பெட்டி

இதற்கிடையே ஆட்டம் உலகத்தைச் சுற்றியது. இங்கிலாந்தில் உரிமையை வாங்கிய லீட்ஸ் நகரத்து வாடிங்டன்ஸ் கம்பெனியின் தலைவர் விக்டர் வாட்சன், காரியதரிசி மார்ஜரி பிலிப்ஸை அழைத்துக்கொண்டு லண்டனில் ஒரு நாள் சுற்றித் தெருக்களைத் தேர்ந்தெடுத்தார். ‘தி ஏஞ்சல், இஸ்லிங்டன்’ என்று அவர்கள் பலகையில் ஏற்றியது தெருவே அல்ல, ஒரு கட்டடம்.

ஆட்டத்தைப் பற்றி நாம் நம்பும் பல விஷயங்கள் அட்டையில் இல்லாதவை. பெட்டியில் சிரிக்கும் மீசைக்காரத் தாத்தா ஒற்றைக்கண் கண்ணாடி போட்டிருப்பார் என்று பலர் சத்தியம் செய்வார்கள். அவர் போட்டதில்லை. ‘ஃப்ரீ பார்க்கிங்’ கட்டத்தில் நின்றால் அபராதப் பணமெல்லாம் அள்ளிக்கொள்ளலாம் என்பது வீட்டுக்கு வீடு இருக்கும் விதி. அச்சிட்ட விதிப்படி அங்கே ஒன்றுமே கிடைக்காது. ஒருவர் வாங்க மறுத்த மனையை உடனே ஏலம் விட வேண்டும் என்பது அச்சிட்ட விதி; ஆடுகிறவர்களில் பலருக்கு அது தெரியாது.

பெட்டியில் இருக்கும் வீடுகள் 32தான், ஹோட்டல்கள் 12தான் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. நான்கு வீடுகளைத் திருப்பிக் கொடுத்து, மேற்கொண்டு பணமும் கட்டினால் ஒரு ஹோட்டல் கட்டலாம். விஷயம் தெரிந்த ஆள் கட்டமாட்டார். நான்கு நான்கு வீடுகளாகத் தம் மனைகளில் நிறுத்தி வைத்துக்கொண்டால், பேங்கில் வீடு தீர்ந்துவிடும். மற்றவர்களிடம் பணமிருந்தாலும் ஒரு செங்கல் எடுத்துவைக்க முடியாது. செயற்கையாகப் பஞ்சத்தை உண்டாக்கி வாடகை ஏற்றும் அந்த வித்தையைத்தான் லிஸ்ஸி அம்பலப்படுத்த நினைத்தார். இப்போது அது வெற்றிக்கான குறிப்பு.

நீதிமன்றத்தில் மீண்ட கதை

சான்பிரான்சிஸ்கோவில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த ரால்ஃப் ஆன்ஸ்பாக், நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா வந்த குடும்பத்துப் பிள்ளை. ஏகபோகத்தை உடைப்பவருக்கே வெற்றி என்ற விதியோடு 1973இல் ‘ஆன்டி-மோனோபோலி’ என்று ஓர் ஆட்டத்தை வெளியிட்டார். பெயரை மாற்றச் சொல்லி பார்க்கர் பிரதர்ஸின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. வழக்குக்கு ஆதாரம் தேடும்போது, லிஸ்ஸி மேகியின் பெயரை ஒரு புத்தகத்தில் கண்டுபிடித்துச் சொன்னது அவருடைய மகன்.

அந்த நூலைப் பிடித்துக்கொண்டு ஆன்ஸ்பாக் ஊர் ஊராக அலைந்தார். அட்லாண்டிக் சிட்டிக் குவேக்கர்களில் உயிரோடிருந்தவர்களைக் கண்டுபிடித்தார். டாரோவுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த சார்லஸ் டாட்டும் சாட்சி சொன்னார். பரண்களில் கிடந்த ஆயில் கிளாத் பலகைகள் வெளியே வந்தன. ஆனாலும் முதல் தீர்ப்பு கம்பெனிக்குச் சாதகமானது. 1977 ஜூலையில் ‘ஆன்டி-மோனோபோலி’ பெட்டிகள் ஏறத்தாழ நாற்பதாயிரத்தை மினசோட்டாவின் மன்காட்டோ ஊரில் குப்பைமேட்டில் போட்டுப் புதைத்தார்கள். மேல்முறையீட்டில் காற்று திசைமாறியது. 1983இல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்ததும், ஆன்ஸ்பாக் தம் ஆட்டத்தை அதே பெயரில் விற்கும் உரிமை நிலைத்தது. வழக்கு என்னவோ பெயருக்காக நடந்தது. வழக்குக் கட்டுகளில் சேர்ந்த சாட்சியங்களோ லிஸ்ஸியின் வரலாற்றையே மீட்டுக் கொடுத்தன.

ஹென்றி ஜார்ஜ் நிலத்தைப் பற்றிச் சொன்னது ஆட்டத்துக்கும் அச்சாகப் பொருந்துகிறது. லிஸ்ஸி போட்ட பாதை. ஆர்டன்காரர்களும் மாணவர்களும் அகலப்படுத்தியது. குவேக்கர்கள் மேடுபள்ளம் சமன்செய்தது. டாட் பெயர்ப்பலகை நட்டது, பிழையோடு. முப்பது ஆண்டுகளாக ஊர்க்கைகள் சேர்ந்து மதிப்பேற்றிய பாதையில் கடைசியாக வந்தவர் ஒரு சுங்கச்சாவடி வைத்தார். ஏகபோகம் எப்படி நடக்கும் என்று லிஸ்ஸி பலகையில் வரைந்துகாட்டினார்; நிஜத்தில் அது அவருடைய பலகைக்கே நடந்தது.

பார்க்கர் பிரதர்ஸ் இப்போது ஹாஸ்ப்ரோ என்ற விளையாட்டுப்பொருள் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 2019இல் அவர்கள் ‘மிஸ் மோனோபோலி’ என்று ஒன்றைச் சந்தைக்கு விட்டார்கள். பெண் கண்டுபிடிப்பாளர்களைப் போற்றும் பதிப்பாம். தெருக்களுக்குப் பதிலாகப் பெண்கள் கண்டுபிடித்த பொருள்கள். ‘கோ’ கட்டத்தைத் தாண்டினால் ஆண்களுக்கு 200, பெண்களுக்கு 240. லிஸ்ஸி எங்கே என்று நிருபர்கள் கேட்டார்கள். நாம் அறிந்த மோனோபோலியைக் கண்டுபிடித்தவர் சார்லஸ் டாரோ, எலிசபெத் மேகி இந்த வகை ஆட்டங்களின் முன்னோடிகளில் ஒருவர் என்று கம்பெனி பதில் சொன்னது.

(புராணம் தொடரும். அடுத்த இதழில்: சீட்டுக்கட்டின் நான்கு ராஜாக்கள்.)